டாலரை விழுங்கிய ரெஜி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புத்தூரில் நண்பர் ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லித் தருகிறவர். மற்ற நேரமெல்லாம் பழைய அமெரிக்கத் தங்கக் காசு!

அன்று புதிதாக ஒன்று வந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அடித்த ஒரு டாலர். பெரிதாக நினைத்துவிடாதீர்கள் – சட்டைப் பொத்தான் அளவுதான். ரங்கூனிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்திடம் ரொம்ப நாள் கெஞ்சி வாங்கியதாம். மேஜையில் கறுப்பு வெல்வெட் விரித்து, அதன்மேல் வைத்தார். லென்ஸ் எடுக்கத் திரும்பினார். நான் காபி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தேன். அவ்வளவுதான்.

நிமிர்ந்தால் வெல்வெட் காலி. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய இரண்டு வயது மகள் ரெஜி இருமிக்கொண்டிருந்தாள்.

முகம் சிவந்துவிட்டது. கண்ணில் நீர்... சமையலறையிலிருந்து ஓடி வந்த அவர் மனைவி பிலோமினா, குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினார். ஒன்றும் வரவில்லை. இருமல் மட்டும் நின்றது. அது நல்லதா, கெட்டதா? யாருக்குத் தெரியும்?

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழியெல்லாம் பிலோமினா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தார்.

எக்ஸ்-ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மீன் முள் மாதிரி சின்னச் சின்ன விலா எலும்புகள். அவற்றுக்குக் கீழே பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு. மூச்சுக்குழாயில் இல்லை, வயிற்றுக்குப் போய்விட்டது, தானாக வந்துவிடும், பயப்பட வேண்டாம் என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆரோக்கியசாமி மெல்லக் கேட்டார்: "வயித்துல ஆசிட் இருக்குங்களே டாக்டர்... நிறம் எதுவும் மாறிடாதே?"

"யாருக்கு?" என்றார் டாக்டர்.

தங்கத்தை அந்த ஆசிட் ஒன்றும் செய்யாது என்று பாடம் நடத்துகிறவர் கேட்கிற கேள்வியா இது? டாக்டருக்குப் புரியவில்லை. பிலோமினாவுக்குப் புரிந்துவிட்டது.

காசு இரண்டொரு நாளில் வந்துவிட்டது. பிலோமினாவே தேடி எடுத்து, கழுவித் துடைத்து, கணவரின் மேஜையில் வைத்தாராம்.

"இந்தாங்க, உங்களோடது. குழந்தை என்னோடது. நான் பாத்துக்கறேன்."

பிறகு ஆரோக்கியசாமி என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். அந்தப் படத்தில் தன் கண் முதலில் போனது பொட்டுக்குத்தானாம். எலும்பெல்லாம் அப்புறம்தான் தெரிந்ததாம். ஆசைப்பட்டு ஒன்றைச் சேர்க்க ஆரம்பிக்கிறோம். கண் எப்போது அதற்கே பழகிப்போகிறது என்பது நமக்கே தெரிவதில்லை.

டாலர் இப்போது பாங்க் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது. ஆரோக்கியசாமி இன்னும் ஹாலில்தான் படுக்கிறார்.