எக்லுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட குடும்பம்

1. முதல் துசியே

2009இல் பாரிசில், வாரிசு தேடும் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். யாருமில்லாமல் இறந்துபோனவர்களுக்கு எங்காவது உறவினர் இருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே தொழில். முதல் நாளே பொறுப்பாளரான மதாம் ஒரு சுவீடன் குடும்பத்தின் துசியேயை, கோப்புக்கட்டை, என் மேசையில் வைத்தார்.

"தகப்பனுக்கு ஒரு குடும்பப்பெயர், மகனுக்கு வேறொன்று. தொடக்கத்தில் தலை சுற்றும். போகப் போகப் பழகிவிடும்" என்றார்.

பழக ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. பழைய சுவீடனில் தகப்பனின் பெயரோடு 'சன்' சேர்த்தால் அதுவே மகனின் குடும்பப்பெயர். நீல்ஸ் என்பவரின் மகன் நீல்சன். நீல்சனுடைய முதற்பெயர் ஆண்டர்ஸ் என்றால் அவர் மகன் ஆண்டர்சன். பட்டணத்துக்குப் போனவர்கள் அதையும் விட்டுவிட்டு மரம், மலை, ஆறு என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறிவிடும். ஆளைப் பிடிக்கவேண்டும். அதற்கு உதவுவது கிறிஸ்தவக் கோயில் புத்தகங்கள். போதகர் வீடு வீடாகப் போய், யாருக்கு வாசிக்கத் தெரியும், யாருக்கு என்ன தொழில், யார் எந்த ஊருக்குப் போனார் என்று எழுதிவைத்தவை. இப்போது கணினியிலேயே பார்க்கலாம்.

2. நடேசண்ணையின் சந்தேகம்

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருந்த நடேசண்ணையிடம்தான் நான் சாமான் வாங்குவேன். பல வருடப் பழக்கம். கடையில் சனம் குறைந்த நேரமென்றால் இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தருவார். அவருக்கு ஒரே மகள், அபிராமி. பாரிசிலேயே பிறந்தவள். அவள் கட்ட விரும்பிய எரிக் எக்லுண்டும் இங்கேயே பிறந்தவன்தான். அவனுடைய பாட்டன் சுவீடனிலிருந்து வந்தவர்.

ஒருநாள் நடேசண்ணை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, உம்மடை வேலை உதுதானே. பெடியன்ரை பூர்வீகத்தை ஒருக்காப் பாருமன். வெள்ளைக்காரரிலையும் நல்ல ஆக்கள், மற்ற ஆக்கள் எண்டு இருப்பினம்தானே."

"அவரைக் கேக்காமல் பாக்கேலாது அண்ணை."

"கேளுமன். அவன் சந்தோசப்படுவான்."

எரிக் உண்மையிலேயே சந்தோசப்பட்டான். அவனுக்கும் பாட்டனுக்கு மேலே ஒன்றும் தெரியாது.

ஓய்வு நாட்களில் தேடினேன். எரிக்கின் முன்னோரில் எக்லுண்ட் என்ற பெயரை முதலில் வைத்துக்கொண்டவர் கார்ல் ஆண்டர்சன். அவருடைய தகப்பன் ஆண்டர்ஸ் நீல்சன். ஆண்டர்சின் தகப்பன் நீல்ஸ். நீல்சின் பெயருக்குப் பக்கத்தில் போதகர் தொழிலையும் எழுதியிருந்தார். செத்த குதிரைகளின் தோலை உரிக்கிறவர்.

அந்தக் காலத்துச் சுவீடனில் அந்தத் தொழில் செய்தவர்களோடு யாரும் சேர்ந்து சாப்பிடமாட்டார்கள். கோயிலில் ஒதுக்கி இருத்துவார்கள். பிள்ளைகள் ஊர் விட்டு ஊர் போனதும், பெயர் மாறியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எரிக்கை லூயி-பிளாங் தெருவிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "இதை அபிராமி வீட்டில் சொல்லாதீர்கள்" என்றும் சொன்னேன்.

"ஏன்? இது எத்தனையோ தலைமுறைக்கு முந்திய கதை" என்றான்.

அவனுக்கு விளங்கவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்குத் தகரப் பேணி, என் அப்பாவுக்குத் தேங்காய்ச் சிரட்டை என்று சொன்னேன். அதை அவர் வெளியே நின்றுதான் குடிப்பார். பாரிசில் நான் யாருக்கும் சொல்லாத விடயம்.

எரிக், "அபிராமியிடம் சொல்கிறேன். அவள் முடிவெடுக்கட்டும்" என்றான்.

3. சார்செல் வீட்டில்

அடுத்த ஞாயிறு நடேசண்ணை எரிக்கையும் என்னையும் சார்செலிலுள்ள தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆட்டுக்கறியும் புட்டும். சாப்பாட்டின் நடுவில் அபிராமிதான் தொடங்கினாள். வழமையாகத் தகப்பனுக்குப் பிரெஞ்சில் மறுமொழி சொல்கிறவள், அன்று தமிழில் பேசினாள்.

"அப்பா, எரிக்கின்ரை ஆக்கள் முந்தி செத்த குதிரையின்ரை தோல் உரிச்சவை. சனம் அவையோடை இருந்து சாப்பிடாது. அவன் அதை மறைக்க விரும்பேல்லை. நானும் விரும்பேல்லை."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"நான் அவனைத்தான் கட்டுவன். நீங்கள் தெரிஞ்சு வைச்சிருங்கோ."

நடேசண்ணை சத்தம் போடவில்லை. எழும்பிக் கை கழுவினார். எங்களைப் பார்த்து, "நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு நாங்கள் மூவரும் சாப்பிட்டு முடித்தோம். ஏன் சாப்பிட்டோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் நடேசண்ணை தொலைபேசியில் எடுத்தார்.

"உதை அறிஞ்ச உடனை எனக்கெல்லே முதல் சொல்லியிருக்கவேணும்."

"அது அவரின்ரை குடும்பம் அண்ணை. அவருக்குத்தான் சொல்லலாம்."

"தலைமுறைக்குத் தலைமுறை பேர் மாத்தியிருக்கிறாங்கள். ஏமாத்திற ஆக்கள்."

"அங்கை எல்லாரும் அப்பிடித்தான் அண்ணை. மாத்தாட்டில் அந்தப் பிள்ளையளுக்கு ஆர் வேலை குடுத்திருப்பினம்?"

நடேசண்ணை கேட்டார்: "நீர் ஊரைச் சொன்னீர். குறிச்சியை இவ்வளவு காலமும் சொல்லேல்லை. எவ்விடம் நீர்?"

சொன்னேன்.

ஊருக்குள் எந்தக் குறிச்சி என்று சொன்னாலே எங்கள் பக்கத்தில் சாதி தெரிந்துவிடும். "சரி, வையும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வழமைபோலக் கடைக்குப் போனேன். முருங்கைக்காயும் மீனும் வாங்கினேன். மிச்சக் காசை அவர் எப்போதும் என் கையில்தான் தருவார். அன்று மேசையில் வைத்தார். நான் எடுக்கும்வரைக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

4. பிறகு

மேரியில், அதாவது நகரசபையில், நடந்த பதிவுக் கல்யாணத்துக்குப் பெண் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. அபிராமிக்குச் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். எரிக்கின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெண்ணின் சித்தப்பாவா?" என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன்.

இளம் ஆட்கள் இப்போது இந்த வேலைக்கு நிறையப் பேர் வருகிறீர்கள். மாறிய பெயர்களுக்குப் பின்னால் போய் ஆளைப் பிடிப்பது எப்படி என்று அலுவலகத்தில் உங்களுக்குப் பழக்குவார்கள். கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை நீங்களேதான் விசாரிக்கவேண்டும். ஆசைக்காகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தராசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வித்தியாசம் பிந்தித்தான் பிடிபட்டது.

அபிராமியும் எரிக்கும் சார்செலிலிருந்து கொஞ்சத் தூரத்திலுள்ள எபினேயில் இருக்கிறார்கள். ஒரு பெண் குழந்தை. கடைக்கு வருகிறவர்கள் மகளைப் பற்றிக் கேட்டால் நடேசண்ணை சொல்கிறாராம்: "அவ இப்ப சுவீடனிலை. பெரிய இடம். வந்துபோக வசதிப்படாது."