பக்கத்து அறையில் இருந்த சாவி

அப்பாவின் அறைக்கான மாற்றுச் சாவி பக்கத்து அறை மாணவனிடம் இருந்தது என்று காவலாளி வாய்தவறிச் சொன்னபோது மகளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அப்பாவுக்குக் கடைசியாகப் போட ஒரு நல்ல சட்டை எடுக்கத்தான் அவள் வந்திருந்தாள். மயானத்துக்கு இந்தக் கட்டடத்து மாணவர்கள் யாரும் வரக்கூடாது என்று அவள் அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இப்போது காரணமும் கிடைத்தது.

காலையில் மயங்கி விழுந்தவரை மறுநாள்தான் பார்த்திருக்கிறார்கள். வெகுநேரம் உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அவள் லிஃப்ட் பராமரிக்கும் பொறியாளர். வெளியிலிருந்து திறக்க வழியில்லாத கதவுக்கு அவள் கையெழுத்துப் போடமாட்டாள். இங்கே வழி இருந்தது, திறக்க ஆளும் இருந்தான், கதவு மட்டும் மூடியே கிடந்தது.

வீடில்லாமல் தெருவில் கிடந்து வந்தவர்களுக்குப் பாதி அறைகள், மாணவத் தொண்டர்களுக்கு மீதி. அந்தக் கட்டடத்தின் ஏற்பாடு அவ்வளவுதான். மாணவர்களுக்கு வேலை என்று எதுவும் கிடையாது. அக்கம்பக்கமாகப் பழக வேண்டும். ஒரே ஒரு விதி: தட்டு, திறந்தால் போ, திறக்காவிட்டால் திரும்பிவிடு.

அப்பா லாரி ஓட்டியவர். விபத்தில் கால் போனதும் உரிமம் போயிற்று, பிறகு குடி, பிறகு வீட்டில் தினமும் சண்டை. ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் பேருந்து நிலையத்துக் கடைகளின் வாசலில் வருஷக்கணக்காகப் படுத்தார். கடைக்காரன் காலால் எழுப்புவான், போலீஸ்காரர் தடியால் எழுப்புவார். தூங்குகிறவனை எழுப்ப அவனைக் கேட்க வேண்டியதில்லை என்று ஊரே முடிவுசெய்திருந்தது. அறை கிடைத்ததும் அவர் கட்டில் கேட்கவில்லை. நல்ல பூட்டாக ஒன்று கேட்டார்.

மகள் மாதந்தோறும் வருவாள். கதவிடுக்கில் நின்றே பேசி அனுப்பிவிடுவார்.

“உள்ள வரட்டுமாப்பா?”

“அடுத்த தடவை வாம்மா. எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு.”

இன்றுதான் உள்ளே பார்த்தாள். ஒரு பாய், ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, நாலு சட்டை. கிடக்க என்ன இருந்தது?

பக்கத்து அறைக்காரன் நடைவழியில் சுவரோடு ஒட்டி நின்றான். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். அப்பா அவனைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார்.

“சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?”

“ஆமாக்கா. காலைல தட்டினேன். ரேடியோ பாடிட்டு இருந்துச்சு. சில நாள் பேச மாட்டார். ராத்திரியும் தட்டிப் பாத்தேன்.”

“ரேடியோ பாடினா ஆள் நல்லா இருக்கார்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“வாயத் திற. சாவியைக் கொடுத்தது எதுக்கு? ஆணில மாட்டி அழகு பாக்கவா?”

“முதல்ல வேற பையன்கிட்டதான் கொடுத்திருந்தார். உங்கப்பாவுக்குக் காய்ச்சல்னு அவன் ஒருநாள் திறந்து கஞ்சி கொண்டுபோய் வெச்சான். கண் முழிச்சவர் ஒரு வார்த்தை பேசல. பையைத் தூக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கே போயிட்டார். காய்ச்சலோட அங்கேயே படுத்துக் கிடந்தார். வாரக்கணக்கா நாங்க போய்க் கெஞ்சினோம். திரும்பி வந்ததும் சாவியை அவன்கிட்ட இருந்து பிடுங்கி என்கிட்ட கொடுத்தார்.” “‘புரொபசரே, நீ திறக்க மாட்டே, அதான் உனக்கு’ன்னார்.”

மகளுக்குக் கோபம் தணியவில்லை. இவனிடம் இருந்து விலகி அந்த மனுஷன்மேல் போய் உட்கார்ந்தது. பெற்ற மகளுக்கு வாசலோடு சரி. எவனோ ஒருவனுக்குச் சாவி.

“உன்னை மட்டும் உள்ள விட்டாரோ?”

“சாயங்காலம் சீட்டு ஆடுவோம். நல்லா ஏமாத்துவார். பிடிச்சுட்டா, ‘லாரிக்காரன்டா நான், சந்து கிடைச்சா முந்திடுவேன்’பார்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக இன்னும் எரிச்சலானாள். இந்தக் குரலில் அப்பா அவளிடம் பேசி எத்தனை காலமாயிற்று.

“நாளைக்கு…” என்று இழுத்தான். “நான் தோள் கொடுக்கலாமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். யார் தூக்கப்போகிறார்கள்? அவள் கணவன் அவரைப் பார்த்ததே இல்லை. சித்தப்பா பார்த்தும் பார்க்காததுபோல் போனவர். மீதிப்பேர் கூலிக்கு வருகிறவர்கள்.

“விடிஞ்சதும் வந்துடு,” என்றாள், திட்டுகிற குரலில். “லேட்டானா நிக்க மாட்டோம். நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே.”

“நினைக்கல.”

“ரேடியோ நின்ன பிறகாவது திறந்திருக்கலாம்.”

“அது நிக்கவே இல்லக்கா,” என்றான். “மறுநாள் திறந்து உள்ள போய் நான்தான் நிறுத்தினேன்.”

சட்டையை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். பின்னால் அவன் அழுவது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.