அடுக்களையில் இரண்டு பானை

போன ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் ஒரு கல்யாணப் பந்தி. என் அக்காவின் பேரனுக்குக் கல்யாணம். சோற்று வாளி வந்ததும் வரிசையாக எல்லாரும் இலைக்கு மேல் கையை நீட்டி, 'போதும் போதும்' என்றார்கள். ஒருத்தருக்கு சுகர், இன்னொருத்தருக்கு டயட். பரிமாறியவர் பாவம், கனம் குறையாத வாளியைத் தூக்கிக்கொண்டே நடந்தார்.

பக்கத்தில் இருந்த அக்கா என்னை முழங்கையால் இடித்துச் சிரித்தாள். எதற்கென்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஏரல் பக்கத்தில் எங்கள் வயல். விவசாய ஆபீசர் பேச்சைக் கேட்டு ஊரே ஐ.ஆர். எட்டு நெல்லுக்கு மாறியிருந்தது. ஆனால் எல்லாரும் கொஞ்சம் விவரமாக, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு மூலையில் பழைய சன்ன ரகத்தைப் போட்டுக்கொண்டார்கள். அப்பாவோ மொத்த வயலிலும் ஐ.ஆர். எட்டு! களம் நிறைந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்குத்தான் கவலை. அரிசி குண்டுகுண்டாக இருக்கும். சூடாகச் சாப்பிட்டால் சரி... ஆறிப்போனால் விறைத்துக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் பலசரக்குக் கடை. அவருடைய அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே? பெண் வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் சாப்பிடலாம். இலை போட்டுச் சோற்றில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன் வந்தவர்கள் காபியோடு எழுந்து போய்விட, ஆக்கின சோறு அப்படியே கிடந்தது. அன்றைக்கு அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் ஊர் வாயை மூட முடியாது.

அம்மா ஒரு காரியம் செய்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் அடுத்த வீட்டில் சன்ன அரிசி வாங்கி, விருந்தாளிகளுக்குத் தனிப் பானையில் வடித்தாள். எங்களுக்கு வழக்கம்போல ஐ.ஆர். எட்டு.

கூடத்தில் ஆண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை. கை கழுவப் புறவாசலுக்குப் போனவர், திரும்பும்போது அடுக்களை வாசலில் நின்றுவிட்டார். இரண்டு பானையையும் பார்த்தார். இதென்ன இரண்டு விதமாக என்று கேட்டார்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்ல வரவில்லை. சன்ன அரிசி இரவல், குண்டு அரிசிதான் எங்கள் வயலில் விளைந்தது என்று மென்று விழுங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, இதுவும் போச்சு!

அந்த அம்மாள் குண்டு அரிசிச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"எங்க தெருவுல கப்பல் வந்தாத்தான் உலை ஏறும்னு ஒரு காலம் இருந்துச்சு, மைனி. கப்பல்லருந்து தோணியில வந்து இறங்குத கோதுமையக் கிண்டிக் குடுத்துத்தான் எம்பிள்ளைய வளத்தேன். சொந்த வயல்ல வெளஞ்சத எதுக்கு ஒளிச்சு வைக்கிய? இதையே இலையில போடுங்க."

அம்மாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழுந்ததோ என்னவோ... 'மைனி' என்று உறவு சொல்லிக் கூப்பிட்டது விழுந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இலை எடுக்க ஓடினாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஐ.ஆர். எட்டில் கை நனைத்தார்கள். இரவல் சன்னச் சோறு எங்களுக்கு வந்தது. ரொம்ப நாள் கழித்து நல்ல சோறு... நான் மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். பெண்ணை நிச்சயம் பண்ணியது தன்னுடைய ஐ.ஆர். எட்டுதான் என்று அப்பா கடைசி வரை மார்தட்டினார். அம்மா அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த பூ சாகுபடியில் ஒரு மூலைக்குச் சன்ன ரகம் போடவைத்துவிட்டாள்.

இப்போது அந்த ஐ.ஆர். எட்டு அரிசியைக் கடையில் தேடினாலும் கிடைப்பதில்லை. வயிறு நிறைந்த பிறகுதான் நாக்கு ருசி பார்க்கத் தொடங்குகிறது. அதில் தப்பும் இல்லை. ஆனால் நம் வயிற்றை நிறைத்தது எதுவென்று இவ்வளவு சீக்கிரமா மறப்பது?

சோற்று வாளி எங்களிடம் வந்தது. அக்காவுக்கும் சுகர்தான். இருந்தும் இலையை நகர்த்திக் காட்டி, இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய மாமியார் மட்டும் இருந்திருந்தால்... கையை நீட்டி மறித்த அத்தனை பேரையும் பந்தியிலிருந்தே எழுப்பிவிட்டிருப்பார்!