மூட்டு ஆறும்வரை இறங்காத எங்கள் அண்ணர்

வடமராட்சியிலே, புகையிலைத் தோட்டங்களும் பனங்கூடல்களும் சூழ்ந்த கரவெட்டியில் எங்கள் அண்ணர் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இப்படித் தொடங்கி, எல்லோருக்கும் நல்லவராய் வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார் என்று முடித்து, இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படிதான் உறவினர்கள் என்னிடம் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் நல்லவராகத்தான் வாழ்ந்தார். எல்லோரும் அவருக்கு நல்லவர்களாக இருந்தார்கள் என்று எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை. அவருடைய ஒரே தங்கை நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பொய் எழுதக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பவள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா காலமானபோது அண்ணருக்கு மீசை கூட அரும்பவில்லை. தோட்டம் குத்தகைக்குப் போயிற்று. அண்ணர் கொழும்புக்குப் போய், பெரிய கட்டடங்களுக்கு மின்சாரக் கம்பி இழுக்கும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் சேர்ந்தார். சில வருடங்கள் கழித்து வந்தபோது அவர் விரல் நுனிகளெல்லாம் ஈயம் சுட்ட தழும்புகள். சட்டையில் குங்கிலியம் போல ஒரு மணம். கோயிலுக்குப் போய்விட்டு வந்தாரோ என்று அம்மா கேட்டார். ஈயம் பற்றுவதற்குப் பூசுகிற பிசின் என்று சொல்லி அண்ணர் சிரித்தார்.

அக்காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் என்றால் ஒரு கதைதான். மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஊரவர் ஒருவர் கோயிலுக்கு மின்சார எஞ்சின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். கோயிலுக்குக் கம்பி இழுக்கும் வேலை அண்ணருக்கு வந்தது. அவருடைய வேலை முறையை நான் நன்றாக அறிவேன். எங்கள் முற்றத்திலேதான் பழகுவார். இரண்டு கம்பிகளையும் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஒன்றோடொன்று இறுக முறுக்குவார். செப்பு முனை வைத்த இரும்பைச் சிரட்டைக்கரித் தணலில் காய்ச்சிக் கம்பியில் வைப்பார். பிசின் உருகிப் புகையும். பிறகு ஈயம் தண்ணீர் மாதிரி முறுக்குக்குள் ஓடும். அதன்பின் கையை அசைக்கவே மாட்டார். ஊதி ஆற்றவும் விடமாட்டார். ஆறுவதற்குள் அசைந்தால், வெளியே பிடித்திருப்பது போலத் தெரியும், உள்ளே பிடித்திராது. ஈயம் பற்றாத மூட்டுக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி வைப்பது அவர் வழக்கம். வேலை முடிந்ததும் துணியை அவிழ்த்து, ரப்பர் நாடா சுற்றுவார்.

திருவிழா நடந்துகொண்டிருந்தது. கோயில் உள்வீதிப் பந்தலின் ஓலைக் கிடுகுக் கூரையடியில் அண்ணர் கடைசி மூட்டுக் கம்பியை முறுக்கிக்கொண்டு நின்றபோது, குஞ்சியப்பு, அதாவது எங்கள் ஐயாவின் தம்பியார், இறந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னது. சொன்ன கணமே அண்ணர் துடக்குக்காரர், சாவுத் தீட்டோடு கோயிலுக்குள் நிற்கக் கூடாதவர். சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு ஏணியால் இறங்கி வெளியே வந்தார். நாங்கள் செத்தவீட்டில் இருக்கையில் பந்தலுக்கு உட்புறமாக வெள்ளைத் துணி கட்டினார்கள். மேலே கிடுகு, கீழே வெள்ளை, நடுவே அந்த மூட்டு. எங்கே இருக்கிறதென்று அண்ணர் ஒருவருக்குத்தான் தெரியும். ஈயம் பற்றவைக்கவும் ஊரில் வேறு ஆளில்லை.

பூங்காவனத் திருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம் கொஞ்ச விளக்குகளை எரித்துப் பார்த்தார்களாம். விளக்குகள் கண் சிமிட்டினவாம். அதை யாரோ வேடிக்கையாகச் சொல்ல, அண்ணரின் முகம் செத்துப்போயிற்று. அடுத்த நாள் காலையிலே கோயில் வாசலுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டுதான் கோயில் மனேச்சரோடு கதைத்தார்.

"ஒரு மூட்டுக்கு இன்னும் ஈயம் பத்தேல்லை ஐயா. இண்டைக்கு எஞ்சின் போடாதையுங்கோ."

"நேற்று எரிஞ்சது தானே தம்பி?"

"நேற்றுக் கொஞ்ச விளக்கு. இண்டைக்கு எல்லாம் எரியப்போகுது. மூட்டுச் சுடும். மேலை காஞ்ச கிடுகு. கீழை சனம்."

"மலாயாக்காரர் குடும்பத்தோடை வந்து நிக்கிறார். வெளிச்சம் போடாட்டில் ஊர் சிரிக்கும்."

"அப்ப என்னைக் கொஞ்ச நேரம் உள்ளை விடுங்கோ."

"துடக்கோடை உள்ளை வாறதோ? உமக்கென்ன விசரே?"

மனேச்சர் எங்களுக்கு அந்நியர் அல்லர். அவருடைய தமக்கையின் மகனுக்குத்தான் என்னைப் பேசி, நாள் பார்க்கும் அளவுக்கு வந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதை மோனை. கோயிலுக்கை துடக்கோடை போனால் பிள்ளையின்ரை கலியாணம் குழம்பிப்போம். பிறகு ஆர் எங்கடை வாசல் படலையைத் திறந்து வருவினம்?"

அண்ணர் அம்மாவின் கையை மெல்ல விலக்கினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நீ சொல்லு பிள்ளை. நீ வேண்டாம் எண்டால் நான் போகேல்லை."

பந்தலுக்குக் கீழே முன்வரிசையில் எப்போதும் குழந்தைகளைத்தான் இருத்துவார்கள். என் வகுப்புப் பிள்ளைகள். "போங்கோ அண்ணை" என்று சொன்னேன். சொன்னபோது என் குரல் நடுங்கியது உண்மை. ஆனால் இரண்டு மனதாய்ச் சொல்லவில்லை.

மத்தியானப் பூசை முடிந்து திரை போட்டிருந்த நேரம். அண்ணர் தணல் நிறைந்த சட்டியோடும் இரும்போடும் வடக்கு வாசலால் உள்ளே போனார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். ஏணியில் ஏறி வெள்ளையை விலக்கி, மூட்டில் இரும்பை வைத்தார். பிசின் புகைந்தபோதுதான் உள்ளே இருந்தவர்கள் அவரைக் கண்டார்கள். கண்டவர்கள் கத்தினார்கள். மனேச்சர் ஓடிவந்து ஏணியடியில் நின்றார்.

"இறங்கடா! கோயிலைக் கெடுத்துப் போட்டாய், இறங்கடா!"

அண்ணர் அசையவில்லை. ஏணியைத் தொடுவதற்கு ஒருவருக்கும் துணிவில்லை. தொட்டால் அவர்களுக்கும் துடக்கு. கீழே அத்தனை பேர் வைதுகொண்டு நிற்க, அவர் அந்த மூட்டு ஆறும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பிறகு ஆறுதலாக நாடா சுற்றினார். இறங்கும்போது வெள்ளையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். மூட்டுக்கு நேர் கீழே இருந்த துண்டு. நடுவில் கருகி ஓட்டையாகியிருந்தது. முதல்நாள் எரித்த அந்தக் கொஞ்ச விளக்குகளின் சூடு அது.

"இதைப் பாருங்கோ ஐயா" என்று மனேச்சரிடம் நீட்டினார்.

மனேச்சர் பின்வாங்கினார். துடக்குக்காரன் கையில் உள்ளதை எப்படி வாங்குவது? சுற்றி நின்ற அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். ஒருவராவது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணர் துண்டை மடித்து மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

கோயிலைக் கழுவி, மஞ்சள் நீர் தெளித்து, கிரியைகள் செய்து, பூங்காவனம் பிந்தித்தான் தொடங்கியது. விளக்குகளெல்லாம் ஒன்றாக எரிந்தன. ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. சனம் வெளிச்சத்தைப் புகழ்ந்தது, மலாயாக்காரரைப் புகழ்ந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த கிழமையே சொல் வந்தது, பொடியனுக்கு இப்போதைக்குக் கலியாண யோசனை இல்லையாம்.

அதன்பின் அண்ணரை ஊரில் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஓர் ஆடு செத்தாலும், மழை பிந்தினாலும் அந்தத் துடக்குத்தான் காரணம். அவர் சைக்கிளில் கொடிகாமத்துக்கும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும் போய் உழைத்தார். எனக்குப் பேசிய இடமெல்லாம் தவறித் தவறிப் போக, தங்கச்சிக்கு முதல் நான் கட்டமாட்டேன் என்று அவரும் தனியாகவே இருந்துவிட்டார். உலக யுத்தம் வந்து ஈயமும் கம்பியும் அருமையாயின. மலாயாப் பணம் நின்றதும் கோயில் எஞ்சினும் நின்றது. அண்ணரின் நெஞ்சிலும் சளி கட்டத் தொடங்கியது.

கடைசிக் காலத்தில், நான் கஞ்சி பருக்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்.

"உன்ரை வாழ்க்கையை நான்தான் கெடுத்தனான் பிள்ளை."

"நான்தானே அண்ணை போகச் சொன்னனான்" என்பேன்.

"நீ எனக்காகச் சொன்னாய்."

இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் நம்பவில்லை. நம்பாமலே போய்விட்டார். எனக்கு ஆறாத துயரம் அதுதான். கலியாணம் அல்ல.

அண்ணருக்குக் கொள்ளி வைத்த குஞ்சியப்புவின் மகனுக்கும், மருந்து தந்த பரியாரியாருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. அன்று அந்தப் பந்தலுக்குக் கீழே முன்வரிசையில் இருந்த என் மாணவர்களில் பலர் இன்று பிள்ளைகுட்டிகளோடு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வந்ததற்கு எல்லாவற்றிலும் மேலான நன்றி.

கருகிய அந்த வெள்ளைத் துண்டு என் பெட்டகத்தில் இருக்கிறது. இன்றோடு எங்கள் வீட்டுத் துடக்குக் கழிகிறது. இனி அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதால் ஒருவருக்கும் ஒரு குறையும் வராது. படலை திறந்துதான் இருக்கும். வாருங்கள்.