மரக்கடை முதலாளியின் பெட்ரோல் முள்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள், அதை ஓட்டுகிறவர்கள், என்னைப் போல மீட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்கள் எல்லாருமே இதைப் பட்டிருப்பீர்கள்: பெட்ரோல் முள் பொய் சொன்னால் முள்ளை ஒருத்தரும் சந்தேகப்படுவதில்லை, பக்கத்தில் இருக்கிற மனுஷனைத்தான் சந்தேகப்படுவார்கள். என் ஷெட் மர்பி டவுனில். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது.

ஷெட்டில் மட்டும் யோக்கியம்

மல்லேஸ்வரத்தில் மரக்கடை வைத்திருந்தார் கோவிந்தசாமி முதலாளி. கறுப்புக் கார், அவர் அப்பா காலத்துச் சீமைச் சரக்கு. வீட்டிலிருந்த கார் ஷெட்டை டியூஷன் வாத்தியாருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வண்டியைத் தெருவில் நிறுத்த ஆரம்பித்திருந்தார். தெரு குறுகல். டிரைவர் சவரி இடது பக்கச் சக்கரங்களைச் சாக்கடைக் கல்பலகைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு நீலசந்திராவிலிருந்த தன் வீட்டுக்கு பஸ் ஏறுவான்.

முதலாளி சாயங்காலம் நடுத்தெருவில் இறங்கும்போது முள்ளைப் பார்ப்பார். பாதி டேங்க் காட்டும். காலையில் சாவி போட்டுப் பார்ப்பார்; கால்தான் காட்டும். என்னிடம் கொண்டு வந்தார்கள். டேங்குக்குள் மிதக்கிற மிதவையைக் கழற்றிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. வயர் மாற்றினேன். எர்த் வயர் முனையைச் சுரண்டி முறுக்கினேன். என் சிமெண்டுத் தரையில் முள் பாதியில் அசையாமல் நின்றது. முதலாளி அதையும் பார்த்தார், சவரியையும் பார்த்தார்.

"உன் ஷெட்டுல மட்டும் யோக்கியமா நிக்குது. என் வாசல்ல வந்தாதான் எறங்குது. கெட்டது முள்ளா, இல்ல முள்ளுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறவனா?"

பூட்டுப் போட்டும் தீரவில்லை

டேங்க் மூடிக்குப் பூட்டு வேண்டுமென்றார், போட்டேன். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். மறுநாளும் கால். மூடிமேல் மைதா பசையில் பேப்பர் ஒட்டி, அதில் கையெழுத்தும் போட்டார். காலையில் பேப்பர் கிழியவில்லை, முள் மட்டும் இறங்கியிருந்தது. வேறு ஒருத்தராக இருந்தால் அதோடு சவரியைச் சந்தேகப்படுவதை விட்டிருப்பார். இவர் நேராக என் ஷெட்டுக்கு வந்து, பூட்டுக்கு இன்னொரு சாவி இருக்கிறதா என்று என் டூல் பெட்டியைக் கிளறினார்.

இந்த வாரத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் சவரிக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டார். பெட்ரோல் திருடன் என்று பேர் வாங்கி இறங்குகிறவனுக்கு ஊரில் யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? பூட்டு நல்ல பூட்டு முதலாளி என்றேன்.

"பூட்டு போட்டவன் நீ, வண்டி ஓட்டறவன் அவன். ரெண்டு பேரும் ஒரே கடையில டீ குடிக்கறீங்க. நான் என்னன்னு நெனைக்கறது?"

ஜாக்கி

உண்மையைச் சொல்கிறேன், அதற்குள் எனக்கும் சவரிமேல் ஒரு சந்தேகக் கண் விழுந்திருந்தது. அவன் மறுபடி வண்டியோடு வந்தபோது சாவியைப் போட்டு அவனை முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, டேங்க் வயரை அடியிலிருந்து பார்க்க இடது பின்பக்கம் ஜாக்கி கொடுத்தேன். "மேஸ்திரி, முள்ளு படுத்துடுச்சி" என்றான். இறக்கினேன். "ஏறிடுச்சி." திரும்ப ஏற்றினேன், படுத்தது. மிதவை டேங்கில் இடது பக்கமாக இருக்கிறது. இடது பக்கம் தூக்கினால் பெட்ரோல் வலது பக்கம் ஓடிவிடுகிறது, மிதவை இறங்கிவிடுகிறது, கூடவே முள்ளும். சாக்கடைக் கல் செய்ததும் இதைத்தான்.

உடனே முதலாளியிடம் போய்ச் சொல்லலாம் என்று கிளம்பினேன். சவரி என் சட்டையைப் பிடித்தான்.

"நீங்க சொன்னா, ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கிட்டு வந்தோம்னு சொல்வாரு. உக்காருங்க. முள்ளே சொல்லட்டும்."

ஏறினாலும் குற்றம்

அன்று சாயங்காலம் சவரி வண்டியை எதிர்ப்பக்கமாகத் திருப்பி, வலது சக்கரங்களைக் கல்மேல் ஏற்றிவிட்டுப் போனான். காலையில் முள் முக்கால். தானாக ஏறின பெட்ரோலைக் கண்டால் யாருக்கும் உண்மை விளங்கிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். முதலாளியை எங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. அவர் என்னிடம் வந்து சொன்னார்:

"பயந்துட்டான் பாத்தியா? எடுத்ததைத் திருப்பி ஊத்திட்டான்."

முதலாளி உட்கார்ந்த இடம்

வேறு வழியில்லை. அவர் வீட்டு வாசலுக்கு ஜாக்கியோடு போனேன். சவரி வண்டியைச் சமதளத்துக்கு இறக்கிவிட்டு, முதலாளியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துச் சாவியையும் அவர் கையில் கொடுத்தான். "கண்ணை முள்ளுலேருந்து எடுக்காதீங்க. நான் உங்க எதிர்ல நிக்கறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு பானட்டுக்கு முன்னால் நின்றான். நான் இடது பக்கம் ஏற்றினேன், இறக்கினேன். வலது பக்கம் ஏற்றினேன், இறக்கினேன். டியூஷன் பிள்ளைகளெல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். முள் முதலாளியின் கண்ணெதிரே படுத்தது, ஏறியது. அவர் இறங்கி, அரைஞாணிலிருந்து மூடிச் சாவியை அவிழ்த்துச் சவரியிடம் நீட்டினார். மன்னிப்பு என்றால் அவருக்கு அவ்வளவுதான் வரும்.

சவரி கையைக் கட்டினபடியே நின்றான்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மொதலாளி. நாளைக்கு முள்ளு வேற ஏதாவது சொல்லும்."

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் முதலாளி பங்க்கில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து மூடியைத் திறப்பார். சவரி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி முள்ளைப் பார்த்து, "போதும் மொதலாளி, மூடிடுங்க" என்பான்.