எங்கள் காட்டைப் பற்றி எங்களிடம் கேட்டார்கள்

சிங்களம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கூட்டத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறேன். கித்துல்கலைக்கு மேலே, றப்பர் மலையும் காடும் ஒட்டிக் கிடக்கும் எங்கள் தோட்டத்தில் சிங்களம் பேசாதவர் யாரும் இல்லை. கடையில் பருப்பு வாங்குவதும் பஸ்ஸில் சண்டை பிடிப்பதும் அந்த மொழியில்தான். பக்கத்தில் தமிழில் உயர்தரம் படிக்கப் பாடசாலை இல்லாததால் நானும் அதைச் சிங்களத்தில்தான் படித்தேன். ஆனால் கூட்டம் நடத்தியவர்களின் தாளில் "தமிழ் மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்யப்பட்டதா?" என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதில் சரி அடையாளம் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் என்றால் இதுவும் தெரியும்தானே என்று முடிவு செய்துவிட்டார்கள்.

றப்பர் பால் நிறுக்கிற மடுவத்துச் சுவரில் ஒரு நாள் அறிவித்தல் ஒட்டியிருந்தது. எங்களுக்கு மேலே இருக்கும் பாதுகாக்கப்பட்ட காட்டை இனி எப்படி நிர்வகிப்பது என்று பொதுமக்களிடம் ஆலோசனை கேட்கிறார்கள் என்பது சிங்களத்தில் இருந்தது. தமிழில், "பொதுமக்களுக்கு அறிவுரை வழங்கப்படும்" என்று இருந்தது.

பால் வெட்டுகிற அக்கா ஒருத்தி, என் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருப்பவள், வாளியை இறக்கி வைத்துவிட்டு அதை வாசித்தாள்.

"அறிவுரையாம். நாம என்ன தப்பு செஞ்சோம் டீச்சர்?"

"இல்லக்கா, தமிழ்ல பிழையா எழுதியிருக்காங்க. நம்ம கருத்தைக் கேக்கத்தான் வர்றாங்களாம்."

"நம்மகிட்டயா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கேட்டா நல்லதுதான். தண்ணி விசயத்தைச் சொல்லிட்டு வருவோம்" என்றாள்.

தண்ணீர் விஷயம் இதுதான். எங்கள் லயங்களுக்குக் குடிதண்ணீர் காட்டுக்குள் இருக்கும் ஓர் ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை யாராவது ஏறிப்போய்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் இலையை அள்ளாவிட்டால் தண்ணீர் நின்றுவிடும். அந்த வேலையைச் செய்பவர் அக்காவின் புருஷன். அதிகம் பேசாத மனிதர். புதிய திட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் யாரும் காட்டுக்குள் போக முடியாது என்று காவலர்கள் ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். எழுத்தில் கருத்துச் சொல்ல விரும்புபவர்களுக்கு ஒரு கடைசித் தேதியும் அறிவித்தலில் இருந்தது. அறிவித்தல் ஒட்டப்பட்டபோது அந்தத் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

கூட்டம் ஆற்றோரத்தில், வெள்ளைக்காரர்கள் றப்பர் படகில் போக வந்து தங்குகிற ஒரு ஹோட்டலில். நாங்கள் ஒன்பது பேர் லொறியில் போய் இறங்கினோம். வாசலில் சட்டையில் குத்த அட்டை கொடுத்தார்கள். ஹோட்டல் முதலாளிகளின் அட்டைகளில் அவரவர் பெயர் இருந்தது. எங்கள் ஒன்பது அட்டையிலும் "சமூகம்" என்று இருந்தது.

அக்காவின் புருஷன் தன் அட்டையையும் அவளுடையதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயும் சமூகமா?"

"ஆமா."

"அப்ப ஒருத்தர் போதுமே. நான் வீட்டுக்குப் போறேன்."

அக்கா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். நடுவில் கரும்பச்சையாகக் காடு. சுற்றிலும் இளம்பச்சை. லயம், கோயில், பிள்ளை மடுவம் எதுவும் அதில் இல்லை. இளம்பச்சைக்கு "காப்பு வலயம்" என்று பெயர் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

அக்கா கையைத் தூக்கினாள். "அந்தப் பச்சையில நாங்க எங்க இருக்கோம்?"

நான் சிங்களத்தில் கேட்டேன். அவர் ஒரு கம்பால் இளம்பச்சையைத் தொட்டார். "இங்கே எங்காவது இருப்பீர்கள். இது மக்களிடமிருந்து காட்டைப் பாதுகாக்கிற இடம்."

"மக்கள்னா யாரு?"

"நீங்கள்தான்."

"அப்ப நாங்க இங்க இருந்துக்கிட்டு, எங்ககிட்ட இருந்து காட்டைக் காப்பாத்துறோமா?"

ஆலோசகர் சந்தோஷப்பட்டார். "மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்" என்று பக்கத்தில் இருந்த பெண் அதிகாரியிடம் சொன்னார். அந்த நோனா குறித்துக்கொண்டார்.

அடுத்ததுதான் நான் வெட்கப்படுகிற இடம். தண்ணீரைப் பற்றிப் பேச அக்கா எழுந்தாள். "இங்க உக்காந்திருக்கிற யாராவது ஒரு நாளாவது அட்டைக் கடியில ஏறிப்போய் அந்தக் குழாயில இலை அள்ளியிருக்கீங்களான்னு கேளு டீச்சர். அள்ளாதவங்க பத்திரம் கேக்கக்கூடாதுன்னு சொல்லு."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முன்வரிசையில் தோட்டத்து மேனேஜரும் இருந்தார். பிள்ளை மடுவத்துச் சாவியே அவர் ஒப்பமிட்டால்தான் எனக்குக் கிடைக்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் சொன்னேன்: "நீர் முகாமைத்துவத்தில் அனைவரும் கைகோத்துச் செயற்பட வேண்டும் என்று சமூகம் விரும்புகிறது."

மண்டபம் கைதட்டியது.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "நான் அப்படியா சொன்னேன்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முன்னால் பார்த்து, சந்தையில் மிளகாய் விலை கேட்கிற அதே சத்தத்தில், தான் சொன்னதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள். அட்டைக் கடியையும் சேர்த்து.

கைதட்டல் இல்லை. பெண் அதிகாரி எழுந்து மிகவும் அன்பாகச் சிரித்தார். "அம்மா, நீங்கள் தாய்மொழியிலேயே பேசுங்கள். அது உங்கள் உரிமை. அதற்காகத்தான் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருக்கிறோம்."

"தாய்மொழியில சொன்னேன் நோனா. அது வழியில மாறிப்போச்சு" என்றாள் அக்கா, சிங்களத்திலேயே.

நேரம் போதாது என்று எல்லோரையும் குழுவாகப் பிரித்தார்கள். ஒட்டுகிற சின்னத் தாள்கள் தந்தார்கள். காட்டில் பிடித்ததைப் பச்சைத் தாளிலும், பிரச்சினையை ரோஸ் தாளிலும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எங்கள் குழு ஒரு பச்சைத் தாளில் "காற்று" என்று எழுதியது. ரோஸ் தாள் போதாமல் நான் மூன்று தடவை போய்க் கேட்டு வாங்கினேன். தண்ணீர், விறகு, மரவள்ளியைத் தோண்டுகிற பன்றி, பிரசவத்துக்குப் போகிற வழியில் பூட்டிக் கிடக்கும் காட்டு கேட். இந்த முறை சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.

சாப்பாட்டுக்குப் போனபோது யாரோ மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார்கள். பச்சைத் தாள்கள் மூலையில் பத்திரமாக இருந்தன. ரோஸ் தாள்கள் விசிறிக்கு நேரே ஒட்டப்பட்டிருந்தன. நான் கை கழுவிவிட்டு வந்தபோது ஹோட்டல் பையன் ஒருவன் அவற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். "மல்லி, கொஞ்சம் பொறு" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லி அவனிடமிருந்து வாங்கி, சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டு, கைப்பைக்குள் வைத்தேன். சுவரைப் படம் பிடிக்க அதிகாரி வந்தபோது அதில் பச்சைதான் இருந்தது.

திரும்பி வருகிற லொறியில் பாலத்தைத் தாண்டிய பிறகு அக்கா சொன்னாள்: "நீ நல்ல பிள்ளைதான் டீச்சர். ஆனா பயந்த பிள்ளை." அதைவிட ஏசியிருக்கலாம்.

சில மாதங்களுக்குப் பிறகு அறிக்கை வந்தது. அழகான அட்டை. உள்ளே எங்கள் ஒன்பது பேரின் முதுகு தெரிகிற படம். "சமூகம் காட்டின் தூய காற்றைப் பெரிதும் மதிக்கிறது. பிரச்சினைகள் எவையும் முன்வைக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து விரித்தாள்.

"அந்தத் தாளுங்கள வச்சிருக்கதானே? எடு. இப்ப எழுது."

நான் சிங்களத்தில் எழுத, அவள் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "கைகோத்து" என்ற சொல் எங்காவது வருகிறதா என்று இரண்டு முறை கேட்டாள். முதல் ஒப்பம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நானே கேட்டுப் போட்டேன். ரோஸ் தாள்களையும் பின்னால் தைத்து, அறிக்கை போட்ட அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினோம். மேனேஜர் பிறகு என்னைக் கூப்பிட்டு, "டீச்சருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். சாவியைப் பறிக்கவில்லை.

பதில் வந்தது. கடிதமாக இல்லை, ஒரு காவலராக வந்தது. அவிசாவளைப் பக்கத்து இளைஞர், நல்ல பையன். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அனுமதிப் பத்திர விண்ணப்பத்தை நீட்டினார். நோக்கம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: யாத்திரை, மலையேற்றம், புகைப்படம், ஆராய்ச்சி.

"இதுல குழாய் எங்க இருக்கு, மாத்தயா?" என்று கேட்டாள் அக்கா.

காவலர் தலையைச் சொறிந்தார். "குழாய் இல்லை அக்கே. ஆனால் ஆராய்ச்சிக்கு வருஷம் முழுக்கப் போகலாம்."

அன்றிலிருந்து அக்காவின் புருஷன் அரசாங்கப் பதிவின்படி ஓர் ஆராய்ச்சியாளர். தண்ணீர் ஒழுங்காக வருகிறது. லயத்தில் சிலர் அவரைப் புரொபெசர் என்று கூப்பிடுகிறார்கள்; அவர் கோபப்படுவதில்லை. காட்டு வாசலில் உள்ள புத்தகத்தில் போகும்போதும் வரும்போதும் எழுத வேண்டும். "கண்டறிந்தவை" என்று கடைசியில் ஒரு நிரல் உண்டு. வெறுமையாக விட்டால் மேலிடத்தில் கேள்வி வருமாம்.

போன வாரம் நானும் ஒரு பத்திரம் எடுத்துக்கொண்டு அவரோடு போயிருந்தேன். அரை நாள் பாறைக்கடியில் குனிந்து நின்று இலை அள்ளினோம். என் காலில் ஏழு அட்டை. திரும்பி வந்ததும் அவர் பேனாவை வாங்கி, மேலே தன் முந்தைய பதிவுகளைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "இலை" என்று எழுதினார். பிறகு என்னிடம் பேனாவை நீட்டினார். நான் கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே "இலை, அட்டை" என்று எழுதி ஒப்பமிட்டேன்.