வெண்ணெய் கருகியது, கதவு திறக்கவில்லை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். படித்தால் குற்றாலமே சிரிக்கும். சாக்லேட் சிப் குக்கீஸ் செய்ய, வெண்ணெயைப் பொன்னிறமாக உருக்க அடுப்பில் வைத்தேன். பூனை வராமலிருக்க அடுக்களைக் கதவைச் சாத்தினேன். சாரலில் ஊறிய மரக்கதவு இறுகிவிட்டது.

"ஏலே மாரி, கதவு திறக்க மாட்டேங்குது. உள்ள மாட்டிக்கிட்டேன்" என்று கத்தினேன்.

குக்கீஸுக்காக வெளியே காத்திருந்த நண்பன் மாரி, "நேத்து பாம்புன்னு பொய்யாக் கத்துன, இன்னைக்குக் கதவா, ஏலே?" என்று சிரித்தான்.

கதவோடு மல்லுக்கட்டியதில் அடுப்பை மறந்துவிட்டேன். வெண்ணெய் கருகிப் புகை சூழ்ந்தது. தடவித் தடவி அடுப்பை அணைத்தும் மூச்சு முட்டியது. நான் இருமுவதைக் கேட்டபிறகுதான் மாரி கதவை உதைத்துத் திறந்தான்.

இப்போதெல்லாம் அடுப்பு எரியும்போது கதவைச் சாத்துவதில்லை. "இனிமே பொய்யாக் கத்தவே மாட்டேம்லே" என்று மாரியிடம் சத்தியமும் செய்தேன்.

"இதையாவது நம்பலாமாலே?" என்றான்.